ராட்சசனுக்குப் புலித்தலை முளைத்த கதை

ஊர்க் கதைகளையும் ஊர் மண்ணையும் எடுத்து மாய உலகம் கட்டுகிறது கேம் உலகம். இதில் யாருக்கு என்ன கிடைக்கிறது, யார் கதை கெடுகிறது?

1974 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. சிகாகோவில் வயதான யூதர்கள் அதிகம் வாழும் ஒரு குடியிருப்பு. ஒருவர் பின் ஒருவராகச் செத்து விழுகிறார்கள். சதை தின்னப்பட்ட உடல்கள். எலிகளின் வேலை என்று கைகழுவுகிறது போலீஸ். சுவர்களிலோ ஸ்வஸ்திக் குறி. நாஜிகள் வந்துவிட்டார்கள் என்று பதறுகிறார்கள் முதியவர்கள். நிருபர் கோல்சாக் நூல் பிடித்துப் போனால், குறியை வரைந்தவர் ஒரு இந்தியக் கிழவர். விரட்டுவதற்காக வரைந்திருக்கிறார். எதை? ராட்சசனை. அது யார் முன்னால் வருகிறதோ, அவர் மிகவும் நம்புகிற ஆளின் உருவத்தில் வரும். கிழவர் கையில் ஒரு குறுக்குவில், சில மந்திரித்த அம்புகள். கடைசியில் அந்த வில் கோல்சாக்கின் கைக்கு வருகிறது. எதிரே, அலுவலகத்தில் அவருக்குப் பிரியமான எமிலி அம்மாள் சிரித்தபடி நடந்து வருகிறார். அம்பை விடுகிறார் கோல்சாக்.

சரியாக ஓராண்டு கழித்து, 1975 டிசம்பரில், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வந்துகொண்டிருந்த 'தி ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ' என்ற விளையாட்டு இதழில், ஒரு பகடை விளையாட்டின் புது அரக்கனாக ராட்சசன் சேர்க்கப்பட்டான். விதிகள் எல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தவைதான். நம்பகமான உருவில் வருவான். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவான். 1977இல் அதே விளையாட்டின் 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் டேவிட் ட்ராம்பியர் அவனுக்குப் படம் போட்டார். புலித்தலை, மேல்நாட்டு வீட்டுக் கோட்டு, கையில் புகைக்குழாய்.

ராவணனையும் கும்பகர்ணனையும் தெருக்கூத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது யாரென்றே விளங்காது. விபீஷணன் என்ற ராட்சசன் தர்மத்தின் பக்கம் நின்றதும், இடும்பி என்ற ராட்சசி பீமனுக்கு வாழ்க்கைப்பட்டதும் எங்கே போயின? ஆனால் உலகம் முழுக்க இந்த விளையாட்டை ஆடுபவர்களுக்கு ராட்சசன் என்றால் இன்றைக்கும் அந்தப் புலித்தலைதான்.

பகடை, வரைபடம், பொய் உலகம்

விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974இல் வெளியிட்டார்கள். முதல் அச்சு 1,000 பிரதி. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் பையன்கள் வீட்டு அடித்தளத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவார்களே, அதுதான். ஒருவர் கதை சொல்லி; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதவைத் திறப்பதா, ஓடுவதா என்று ஆடுபவர்கள் முடிவு செய்ய, நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

இப்படி ஆட ஓர் உலகம் வேண்டும். கோட்டை, காடு, சந்தை, சாமி, பேய் எல்லாம் வேண்டும். அதைச் சூனியத்திலிருந்து யாரும் படைப்பதில்லை. கைகாக்ஸ் தன்னுடைய 'கிரேஹாக்' உலகத்தை முதலில் வட அமெரிக்க வரைபடத்தின் மேலேயே பொருத்தினார். சிகாகோ இருக்கும் இடத்தில் கிரேஹாக் நகரம். மில்வாக்கி இருக்கும் இடத்தில் டைவர்ஸ். இவர்களுக்கெல்லாம் மூத்தவரான எழுத்தாளர் டோல்கியன், ஹாபிட்டுகளின் ஊரை ஆக்ஸ்போர்டின் அட்சரேகையிலும் மினாஸ் திரித் நகரத்தை இத்தாலியின் பிளாரன்ஸ் அட்சரேகையிலும் வைத்து நினைத்ததாகத் தன் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். பொய் உலகத்துக்கும் வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரிந்தாகவேண்டும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் கிரெக் ஸ்டாஃபர்ட். ஆர்தர் மன்னன் கதையை வைத்து 1985இல் அவர் எழுதிய 'பென்ட்ராகன்' விளையாட்டில் ஆண்டுக்கு ஒரு சாகசம்தான். பிறகு பனிக்காலம் வரும். வீரன் வீட்டில் முடங்குவான். அந்தப் பனிக்காலத்துக்கென்றே தனி விதிகள். குதிரை பிழைத்ததா, குழந்தை பிழைத்ததா, வயல் விளைந்ததா எல்லாம் பகடைதான் சொல்லும். வாளெடுத்த வீரர்களின் வாழ்க்கையில் பிரிட்டனின் குளிரையும் ஒரு பாத்திரமாகச் சேர்த்ததால்தான் அந்த விளையாட்டு நாற்பது ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. 1987இல் வந்த 'ஆர்ஸ் மேஜிக்கா' இன்னொரு வழி பிடித்தது. உண்மையான இடைக்கால ஐரோப்பாதான் களம். அந்தக் காலத்து மக்கள் எதையெல்லாம் நம்பினார்களோ அதெல்லாம் அங்கே நிஜம்.

[பெட்டிச் செய்தி]
பெயர் மாறிய பிறவிகள்
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆரம்பப் பதிப்பில் ஹாபிட், என்ட், பால்ராக் என்ற பெயர்கள் அப்படியே இருந்தன. டோல்கியன் படைப்புகளின் உரிமை வைத்திருந்த தரப்பு சட்டத்தைக் காட்டியதும் ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனது. என்ட் 'ட்ரீயன்ட்' ஆனது. பால்ராக் 'பேலோர்' ஆனது. ராட்சசனுக்காக நோட்டீஸ் அனுப்ப யாரும் இல்லை.

மதிய வெயிலில் நிற்கும் பெண்

ஊர்க் கதை ஒழுங்காக எடுத்தாளப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் போலந்தைப் பார்க்கவேண்டும்.

1986 டிசம்பரில் 'ஃபன்டாஸ்டிகா' என்ற போலந்து மாத இதழில் ஒரு சிறுகதை வந்தது. எழுதியவர் ஆன்ட்ஷே சப்கோவ்ஸ்கி. வெளிநாட்டு வணிக நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர், இதழின் போட்டிக்கு அனுப்பிய கதை அது. கிடைத்தது மூன்றாம் பரிசு. கூலி வாங்கிக்கொண்டு அரக்கர்களைக் கொல்லும் கெரால்ட் என்ற 'விட்சர்' அதில்தான் பிறந்தான். கதைக்கரு சப்கோவ்ஸ்கியின் கற்பனையல்ல. போலந்துக் கிராமங்களில் 'ஸ்ட்ஷிகா' என்றொரு பேய் உண்டு. இரட்டைப் பல்வரிசையோடு பிறக்கும் குழந்தைக்கு இரண்டு உயிர். ஒன்று சாகும்போது இன்னொன்று கல்லறையிலிருந்து எழுந்துவரும் என்பது நம்பிக்கை. சேவல் மூன்றாம் முறை கூவும்வரை அதைப் பெட்டிக்குத் திரும்பவிடாமல் தடுத்தால் சாபம் நீங்கும். சப்கோவ்ஸ்கி செய்தது, இந்தப் பழங்கதைக்குள் சம்பளம் பேசும் ஒரு தொழிலாளியை நுழைத்ததுதான்.

வார்சாவைச் சேர்ந்த சிடி புராஜெக்ட் நிறுவனம் 2007இல் இதை வீடியோ கேம் ஆக்கியது. 2015இல் வந்த மூன்றாம் பாகம்தான் உச்சம். 2023க்குள் அது மட்டுமே ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2011இல் வார்சா வந்த ஒபாமாவுக்குப் போலந்துப் பிரதமர் டொனால்ட் டுஸ்க் கொடுத்த பரிசுகளில் இரண்டாம் பாகமும் ஒன்று. ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டின் தலைவருக்குப் பேய்க்கதை கொடுத்தனுப்புவது அன்றாடம் நடப்பதில்லை.

விற்பனைக் கணக்கை விடுங்கள். மூன்றாம் பாகத்தின் ஆரம்பத்திலேயே ஒரு பாழடைந்த கிராமமும் கிணறும் வரும். தண்ணீர் எடுக்கப் போனவர்களை ஏதோ ஒன்று கொல்கிறது. அது இரவில் வருவதில்லை, நடுப்பகலில் வருகிறது. போலந்து மொழியில் அவளுக்கு 'பொவுத்னீத்சா' என்று பெயர், நண்பகல் பெண். அறுவடைக் காலத்தில், மதியம் வேலையை நிறுத்தாமல் வயலில் நிற்பவர்களிடம் வருவாள், ஓயாமல் கேள்வி கேட்பாள், கழுத்தைத் திருகுவாள் என்பது ஸ்லாவ் நாடுகளின் நம்பிக்கை. வெயில் தாக்கிச் செத்தவர்களுக்குக் கிராமம் சொன்ன காரணம் அது. மதியத்தில் ஆளை நிழலுக்கு அனுப்பிய தொழிலாளர் சட்டமும் அதுவே என்று சொல்லலாம். கேமில் அவளை வாளால் மட்டும் முடித்துவிட முடியாது. கிணற்றுக்குள் இறங்கவேண்டும். அவளுடைய வளையலைத் தேடி எடுக்கவேண்டும். எலும்போடு சேர்த்து எரிக்கவேண்டும். ஒரு பேயைக் கொல்ல வந்தவன், ஓர் ஏழைப் பெண் எப்படிச் செத்தாள் என்று விசாரித்துக்கொண்டு நிற்பான்.

"உச்சிப்பொழுதில் புளியமரத்தடிக்குப் போகாதே" என்று பாட்டி அதட்டிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் முதுகு கொஞ்சம் சிலிர்க்கும்.

இன்னொரு காட்சி, கேம் ஆடியவர்கள் மறக்கமாட்டார்கள். குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் ஒரு பாரோன். அவள் கருக் கலைகிறது. பெயர் வைக்காமல், முறைப்படி புதைக்காமல் விட்ட சிசு பேயாகிறது. கெரால்ட் அந்தப் பிண்டத்தை வெட்டிப் போடலாம். அல்லது தகப்பன் கையாலேயே அதைத் தூக்கிவரச் செய்து, பெயரிட்டு, வீட்டு வாசற்படிக்குக் கீழே புதைக்க வைக்கலாம். புதைத்தால் அது வீட்டைக் காக்கும் தெய்வமாகும். வடக்குப் போலந்தின் மசூரியா வட்டாரத்தில் 'க்வோபுக்' என்ற வீட்டுத் தெய்வத்தைப் பற்றி இப்படியொரு வழக்கு உண்டு. கேம் எழுதியவர்கள் பேயை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடவில்லை. வாசற்படியையும் சேர்த்து எடுத்துவந்தார்கள். குற்றவாளியான தகப்பன் அந்தப் படியில் மண்டியிடுகிறான்.

இடங்களும் அப்படித்தான். கேமில் சூனியக்காரிகள் கூடும் மொட்டை மலை வரும். போலந்தின் ஷ்வியென்டொக்ஷிஸ்கி மலைத்தொடரில் 'விசா குரா' என்று ஒரு மலை நிஜமாகவே இருக்கிறது; பெயருக்கு மொட்டை மலை என்றே பொருள். உயரம் 600 மீட்டர்கூட இல்லை. சரிவில் மரம் முளைக்காத கற்பரப்புகள். உச்சியில் பழைய மடாலயம். சூனியக்காரிகள் அங்கே கூடுவார்கள் என்ற கதை கேமுக்கு மிகவும் முந்தையது. பின்னணி இசைக்கும் 'பெர்சிவல்' என்ற நாட்டார் இசைக்குழுவைக் கூட்டிவந்தார்கள்.

பேயே இல்லாமல் ஒரு மண்

பக்கத்து நாடான செக்கில் வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் எதிர்த்திசையில் போனது. 2018இல் வந்த 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' கேமில் டிராகனும் கிடையாது, மந்திரமும் கிடையாது. 1403ஆம் ஆண்டின் பொஹீமியா. ஸ்காலிட்ஸ் என்ற சுரங்க ஊரை மன்னர் சிகிஸ்முண்டின் படை எரிக்கிறது. கொல்லன் மகன் தப்பி ஓடுகிறான். சாசவா ஆற்றங்கரையின் நிஜ ஊர்களை, நிஜ மடாலயத்தை 16 சதுர கிலோமீட்டர் வரைபடத்துக்குள் வைத்தார்கள். 2014இல் பொதுமக்களிடம் அவர்கள் கேட்டது 3 லட்சம் பவுண்டு. சேர்ந்தது 11 லட்சத்துக்கும் மேல். 2025 பிப்ரவரியில் இரண்டாம் பாகம் ஒரே நாளில் 10 லட்சம் பிரதி விற்றது. அதில் வரும் ட்ரோஸ்கி கோட்டை, இரண்டு எரிமலைப் பாறைகளின் மேல் இன்று இடிபாடாக நிற்கிறது. இரண்டு கோபுரங்களுக்கு ஊர்மக்கள் வைத்த பெயர்கள்: கிழவி, கன்னி. கதை வேண்டாம் என்று போனவர்களையும் கதை விடவில்லை.

சீனாவில் நடந்தது இன்னும் பெரிது. 2024 ஆகஸ்ட் 20 அன்று வெளியான 'பிளாக் மித்: வூகோங்', பதினாறாம் நூற்றாண்டின் 'மேற்கு நோக்கிய பயணம்' நாவலின் குரங்கு வீரனை எடுத்தாண்டது. மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதி. கேமில் வரும் கோயில்களும் குடைவரைகளும் நிஜமான 36 இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் 27 ஷான்ஷி மாகாணத்தைச் சேர்ந்தவை. மாகாணத்தின் சுற்றுலாத் துறை கேமையே விளம்பரமாக்கியது. யுன்காங் குகைகள் உலகம் அறிந்தவை. ஆனால் ஷியாவோஷிதியான் போன்ற ஒதுக்குப்புறக் கோயில்களின் வாசலில் கூட்டம் நின்றது, கேமில் பார்த்த சிற்பத்தை நேரில் பார்க்க.

யாருக்குக் காசு?

ஊர்க் கதைக்குக் காப்புரிமை கிடையாது. ஸ்ட்ஷிகாவைப் பற்றிச் சொன்ன கிழவிகளின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு காசும் போகவில்லை. சப்கோவ்ஸ்கிக்கே தடுமாற்றம்தான். கேமில் அவருக்கு நம்பிக்கை இல்லை. லாபத்தில் பங்கு வேண்டாம், கையில் பணம் கொடுத்தால் போதும் என்று சுமார் 35,000 ஸ்வோட்டிக்கு (போலந்து நாணயம்) உரிமையைக் கொடுத்துவிட்டார். கேம் கோடிகளைக் குவித்த பிறகு, 2018இல் அவர் தரப்பு குறைந்தது 6 கோடி ஸ்வோட்டி கேட்டது. போலந்துக் காப்புரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, படைப்பாளி பெற்றதற்கும் வாங்கியவர் சம்பாதித்ததற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால் கூடுதல் கேட்க இடம் தருகிறது. 2019 டிசம்பரில் புது ஒப்பந்தத்தோடு விவகாரம் முடிந்தது. எழுத்தாளர்களை வைத்துப் படம் எடுப்பவர்களும் கதையை விற்பவர்களும் படிக்கவேண்டிய பிரிவு அது, நம் ஊரிலும்.

யார் வீட்டுச் சாமி?

பணத்தைவிடச் சிக்கலானது மரியாதை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வரிசையில் 1980இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' புத்தகம் உலகத்துச் சாமிகளையெல்லாம் பட்டியல் போட்டு, ஒவ்வொருவரும் எத்தனை அடி தாங்குவார் என்று எண் எழுதியது. கிரேக்கத்தின் ஜூஸ் இருந்தார். இந்திரனும் காளியும் இருந்தார்கள். ஜூஸுக்கு இன்று ஊர்த் திருவிழா கிடையாது. காளிக்கு அடுத்த வெள்ளியே கூழ் ஊற்றுகிறார்கள். இந்த வித்தியாசம் அந்தப் புத்தகத்துக்குத் தெரியவில்லை.

1985இன் 'ஓரியன்டல் அட்வென்ச்சர்ஸ்' ஆசியாவை ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டியது. 'ரேவன்லாஃப்ட்' கதைகளில் வரும் விஸ்தானி என்ற நாடோடிகள், ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய பழைய அவதூறுகளை அப்படியே சுமந்தார்கள். இதற்கெல்லாம் பதில் சொல்லும் காலம் 2020 ஜூனில் வந்தது. இப்போது விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் தவறுகளை ஒப்புக்கொண்டது. பழைய புத்தகங்களின் மின்பதிப்புகளில் எச்சரிக்கைக் குறிப்பு சேர்ந்தது. விஸ்தானிகள் திருத்தி எழுதப்பட்டார்கள். திருந்துவதற்கு 35 ஆண்டு.

படித்தவர் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 1975லேயே ஐரோப்பா வாடை அதிகம் இல்லாத ஓர் உலகம் வந்தது: எம்.ஏ.ஆர். பார்க்கரின் 'டெகுமெல்'. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் தெற்காசியத் துறைப் பேராசிரியர். உருதுப் பாடநூல் எழுதியவர். தன் உலகத்துக்காக ஒரு மொழியையே இலக்கணத்தோடு படைத்தவர். அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1991இல் புனைபெயரில் நாஜி ஆதரவு நாவல் ஒன்றை எழுதியவர் அவர்தான் என்பதை அவருடைய அறக்கட்டளையே ஒப்புக்கொண்டது. இந்தியாவைப் படித்த மனம் நல்ல மனமாகத்தான் இருக்கும் என்பது நம்முடைய ஆசை.

சொந்த ஆள் எழுதினால்? 2022இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடெல்' தொகுப்பின் 13 சாகசங்களையும் அந்தந்தப் பண்பாட்டோடு உறவுள்ளவர்களே எழுதினார்கள். கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் எழுதிய 'சங்கபூமி', வங்கத்து ஆறுகளின் சாயலில் அமைந்த உலகம். அங்கே ஆறுதான் நாயகி. குறுக்குவில் வேண்டியதில்லை.

[பெட்டிச் செய்தி]
40 ஆண்டு பழைய அம்பு
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி ராட்சசனை அதிகம் காயப்படுத்துவது எது? நல்லவர் கையில் இருக்கும், மந்திர சக்தியுள்ள, குத்தும் ஆயுதம். கோல்சாக்கின் அம்புதான், குறுக்குவில் என்ற சொல் மட்டும் உதிர்ந்துவிட்டது. உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும் என்ற அடையாளமும் இடையில் வந்து ஒட்டிக்கொண்டது.

நிலமும் பொழுதும்

கதைக்கு உலகம் கட்ட, தமிழில் ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. தொல்காப்பியம் ஒரு பாட்டுக்கு 'முதற்பொருள்' என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும்தான். தெய்வம், மரம், விலங்கு, பறை, யாழ் எல்லாம் அதற்குப் பிறகு வரும் கருப்பொருள். பொவுத்னீத்சா ஏன் வென்றாள், புலித்தலை ராட்சசன் ஏன் வேடமாக நின்றான் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது கடினம். அவளுக்கு வயலும் நண்பகலும் இருந்தன. அவனுக்கு நிலமும் இல்லை, பொழுதும் இல்லை. அம்பு மட்டும் இருந்தது. நண்பகல் பாலைக்குரிய சிறுபொழுது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெயிலில் திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். வரைபடமே பருவத்துக்குப் பருவம் மாறும் ஓர் உலகம்; எந்தக் கேம் வடிவமைப்பாளரும் கைதட்டி வாங்கிக்கொள்வார்.

கதைக்கும் பஞ்சமில்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகவேண்டும். தன் அழகால் மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை அங்கேதான் இருக்கிறாள். சங்கப் பாடல்களிலேயே அவள் பேர் அடிபடுகிறது. மலையாண்ட வல்வில் ஓரியின் அம்பு மந்திரிக்கப்படாதது. ஆனாலும் கோல்சாக்கின் அம்பைவிடக் கெட்டி.

எச்சரிக்கையும் இங்கேதான் தேவை. போலந்தில் ஸ்ட்ஷிகாவுக்குக் கோயில் இல்லை. கொல்லிப்பாவையை எட்டுக்கை அம்மனாகக் கும்பிடுகிறவர்கள் மலைமேல் இருக்கிறார்கள். இசக்கிக்கும் மதுரைவீரனுக்கும் இன்றும் படையல் நடக்கிறது; இப்படிப்பட்ட தெய்வங்களில் பலர் அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்கள். அவர்களுக்கு அடி தாங்கும் எண் போட்டு ஆளையாள் வெட்ட விடுவது வேறு. அவர்கள் ஏன் செத்தார்கள் என்று விசாரிக்கவைப்பது வேறு. வளையலைத் தேடிக் கிணற்றுக்குள் இறங்கிய கெரால்ட் காட்டிய வழி இரண்டாவது.

இதை எழுத எந்தப் பல்கலைக்கழகமும் தேவையில்லை. பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் உச்சிவேளையில் எந்த மரத்தடிக்கு, எந்தக் குளத்துப் படிக்குப் போகக் கூடாது என்றார்கள்? யார் சொன்னார்கள், அங்கே யார் செத்ததாகச் சொன்னார்கள்? மரத்தின் பெயர், மணி, ஊர் மூன்றையும் விடாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.